கருத்தரங்கில் இடம் கிடைக்காத கட்சி

கருவில் வளரும் உயிருக்கும் அறக்கணக்கில் இடம் உண்டு என்று கருதுபவள் நான். தாயின் உயிருக்கு ஆபத்து நேரும்போதும், வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண் கருவுற்றிருக்கும்போதும் சட்டம் திறந்து வைத்திருக்கும் வழியை அடைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கருவைக் கலைக்க எருக்கங்குச்சியைச் செருகிப் பெண்கள் செத்த கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவள் அப்படிக் கேட்க மாட்டாள். அந்த நிலைகளைத் தவிர்த்து, வேளை சரியில்லை, வசதி போதவில்லை என்பதற்காகக் கருவைக் கலைப்பது அறப்படி தவறு என்பதே என் நிலை. இதற்குப் பழமைவாதி என்று பெயர் சூட்டுவோரிடம் எனக்குச் சண்டையில்லை, பழமைவாதிதான். ஆனால் இந்த நிலையை ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் எழுந்து நின்று சொல்வதே அரிதாகிவிட்டது என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி முதுகலைத் தமிழ் படிக்கிறாள். பெண்ணுரிமை பற்றிய ஒரு கருத்தரங்கிற்கு, தமிழ் இலக்கியத்தில் கருவுயிர் எவ்வாறு பேசப்படுகிறது என்று கட்டுரை எழுதி அனுப்பினாள். கட்டுரை திரும்பி வந்தது. மேற்கோளில் பிழை, தரவு போதாது, வாதம் தளர்ந்திருக்கிறது என்று எதுவும் குறிக்கப்பட்டிருக்கவில்லை. இது பிற்போக்கான பார்வை, இத்தகைய கட்டுரையை ஏற்றால் துறைக்குப் பெயர் கெடும் என்று மட்டும் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். "திருத்தச் சொன்னா திருத்தியிருப்பேன் ஆச்சி, எங்கே தப்புன்னு சொல்லவே இல்லையே" என்றாள். கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் கட்டுரையை வாங்கிப் படித்தேன். முதுகலை மாணவிக்குரிய தடுமாற்றங்கள் சில இருந்தன. பொருள் மட்டும் கனமானது.

அவள் எடுத்துக்கொண்ட முதல் சான்று திருவாசகத்தில் வரும் போற்றித் திருஅகவல். செட்டிநாட்டில் திருவாசக முற்றோதல் நடக்காத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்ட ஆவுடையார்கோயிலும் எங்களுக்குத் தொலைவில்லை. ஆனாலும் அந்த அகவலில் கருவின் கதை இருப்பதை ஓதுகிறவர்களில் பலர் கவனிப்பதில்லை. தாயின் வயிற்றில் முதல் மாதத்து ஆபத்தில் பிழைத்தேன், இரண்டாம் மாதத்து ஆபத்தில் பிழைத்தேன் என்று மாதம் மாதமாக எண்ணிக்கொண்டே போகும் மாணிக்கவாசகர், பத்தாம் மாதத்தில் "தாயொடு தான்படும் துக்க சாகரத் துயரிடைப் பிழைத்தும்" என்கிறார். பிறந்த பிறகும் அந்தக் கணக்கு நிற்பதில்லை. பசியில் பிழைத்ததும், செல்வத்தில் பிழைத்ததும், வறுமையில் பிழைத்ததும் அதே மூச்சில் வருகின்றன. முதல் மாதத்தில் இருந்தவரும் பாடுகிறவரும் ஒருவரே என்பதைப் பாட்டு ஐயமின்றி வைத்துக்கொள்கிறது. அதே வேளையில், கடைசி மாதத்துத் துயரம் குழந்தைக்கு மட்டும் உரியதன்று, தாயும் அதே கடலில்தான் கிடக்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறது. தாயை மறந்துவிட்டுக் கருவுக்காகப் பேசும் பழமைவாதிகளும், கருவை மறந்துவிட்டுத் தாய்க்காகப் பேசும் முற்போக்கினரும் இந்த ஓர் அடியில் நின்று யோசிக்கலாம். (தாம் தப்பிப் பிழைத்த ஆபத்துகளின் வரிசையில் கல்வி என்னும் பல கடல்களையும் மாணிக்கவாசகர் சேர்த்திருக்கிறார் என்பதைக் கருத்தரங்குப் பொறுப்பாளர்களின் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.)

இரண்டாவது சான்று புறநானூற்றின் 34ஆம் பாட்டு. பசுவின் மடியை அறுத்தவர், மகளிர் கருவைச் சிதைத்தவர் என்று கொடும்பாவம் செய்தவர்களை அடுக்கும் ஆலத்தூர் கிழார், அவர்களுக்கும் கழுவாய் உண்டு, நன்றி கொன்றவர்க்கு மட்டும் உய்தியில்லை என்று முடிக்கிறார். நன்றி மறத்தலைப் பற்றிய குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகரும் பேரறங்களைச் சிதைக்கும் செயல்களுக்கு இதையே காட்டாகத் தருகிறார். இந்தப் பாட்டை மாணவி ஒருபக்கமாக வளைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. கருச்சிதைவை நம் முன்னோர் பெரும்பாவங்களின் வரிசையில் வைத்தார்கள் என்று எழுதிவிட்டு, அதைச் செய்தவரை அவர்கள் மீட்சிக்கு அப்பால் தள்ளிவிடவும் இல்லை என்று அடுத்த வரியிலேயே எழுதியிருந்தாள். இதைப் பிற்போக்கு என்று ஒதுக்கியவர் பாட்டை வாசித்திருப்பாரா என்பது எனக்கு ஐயமே.

மாணவர்களிடம் இது பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் கவனிக்கிறேன். கருக்கலைப்பை அரசியல் சட்ட உரிமையாக ஏற்று 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ரோ எதிர் வேட் தீர்ப்பும், அதை 2022 ஜூனில் அதே நீதிமன்றம் ரத்து செய்ததும் அவர்களுக்குத் தெரிந்திருக்கின்றன. நம் சட்டம் தெரிவதில்லை. நம்முடைய மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் வந்தது. 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட சில பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் வேண்டும். அதற்கு மேல், கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு கண்டறிந்தால் அனுமதி உண்டு. கேட்டதும் கிடைக்கும் உரிமையாக இந்தச் சட்டம் எழுதப்படவில்லை. முழுத் தடையாகவும் எழுதப்படவில்லை. அமெரிக்காவின் இரண்டு கட்சிகளுடைய சண்டையை அப்படியே இறக்குமதி செய்து, அங்கே யார் எந்தப் பக்கமோ அதை வைத்து இங்கே ஒருவரை அளப்பது சோம்பல். எங்கள் தரப்பிலும் அந்த நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் அதே சோம்பல்தான்.

2022 செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றம், 24 வார வரம்பு திருமணமாகாத பெண்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்; சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டு அக்டோபரில் நடந்ததையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? இரண்டு குழந்தைகளுக்குத் தாயான, மகப்பேற்றுக்குப் பிந்தைய மனநோயால் வாடிய ஒரு பெண், 26 வாரக் கருவைக் கலைக்க அனுமதி கேட்டு வந்தார். முதலில் அனுமதித்த அமர்வுக்கு, கரு உயிர் பிழைக்க வாய்ப்பிருக்கிறது என்று எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர் தெரிவித்ததும், நீதிபதி ஹிமா கோலி ஒரு பக்கமும் நீதிபதி நாகரத்னா மறுபக்கமுமாக அமர்வு இரண்டுபட்டது. பிறகு மூவர் அமர்வு அனுமதியை மறுத்தது. இரு நீதிபதிகளும் பெண்கள். இருவரும் அரசியல் சட்டத்தை அறிந்தவர்கள். அவர்களே ஒரே வழக்கில் எதிரெதிர் முடிவுக்கு வர முடிந்த ஒரு கேள்வியை, ஒரு முதுகலை மாணவி எழுப்பினாலே அவளுடைய நோக்கத்தைச் சந்தேகிப்பது எந்த வகையில் கல்வியாகும்?

உன் சமயத்தை எங்கள்மேல் திணிக்காதே என்பது வழக்கமாக வரும் மறுமொழி. இந்த வாதத்திற்குச் சமயம் கட்டாயமில்லை. டான் மார்க்விஸ் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1989இல் எழுதிய கட்டுரையில் கடவுளுக்கு வேலையே இல்லை. ஒருவரைக் கொல்வது ஏன் தவறு என்றால், அவர் வாழ்ந்திருக்கக்கூடிய எதிர்காலம் முழுவதையும் பறிப்பதால்தான். கருவுக்கும் அப்படியொரு எதிர்காலம் உண்டு என்று அவர் வாதிடுகிறார். எதிர்த் தரப்பின் மிகச் சிறந்த வாதம் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1971இல் எழுதியது என்பது என் கருத்து. கரு முழு மனித உயிர் என்றே ஒப்புக்கொண்டாலும், ஒருத்தியின் உடலை அவள் விருப்பமின்றிப் பயன்படுத்தும் உரிமை அதற்கு வந்துவிடாது என்கிறார் அவர். வன்கொடுமையால் உண்டான கருவைப் பொறுத்தவரை இதற்கு என்னிடம் நிறைவான மறுப்பு இல்லை; அதனால்தான் அங்கே சட்டத்தோடு நிற்கிறேன். மற்ற இடங்களில், பெற்றோர் என்ற கடமை நாம் கையெழுத்துப் போட்ட பிறகே தொடங்கும் ஒப்பந்தம் அல்ல என்று நினைக்கிறேன். இந்த இரண்டையும் அடுத்தடுத்த வகுப்புகளில் வைத்துப் படிக்கும் மாணவர் எந்தப் பக்கம் போனாலும் யோசித்துத்தான் போவார். ஒன்றை மட்டும் படித்தவர் மனப்பாடம் செய்தவர் ஆவார்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஸ்கேன் மையங்களில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பது குற்றம் என்ற பலகை தொங்குகிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் அது. பெண் கருவைத் தேடி அழிப்பது கொடுமை என்று நானும் சொல்கிறேன், என்னை மறுப்பவர்களும் சொல்கிறார்கள். கருவுக்கென்று அறத்தகுதி எதுவும் இல்லை என்றால், அங்கே கொடுமைக்கு ஆளானது யார்? பெண்ணினம் முழுவதையும் அது இழிவுபடுத்துகிறது என்று விடை சொல்வார்கள். அது உண்மை. ஆனால் அது முழு உண்மையா, பிறக்காமல் போன அந்த ஒருத்திக்கும் தனியே ஓர் அநீதி நடக்கவில்லையா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். மாற்றாமல் பேச வேண்டிய இடம்தான் கல்லூரி.

இந்த அடைப்பு இந்த மண்ணுக்குப் பழக்கமானதன்று என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கிய எங்கள் காரைக்குடி இது. வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா என்று கேட்டு, இராமனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பட்டிமன்றம் பேசியிருக்கிறார்கள். கேட்டவர்களில் பலர் காலையில் இராமனைக் கும்பிட்டுவிட்டு வந்தவர்கள். குன்றக்குடி அடிகளாரும் பெரியாரும் கொள்கையில் நேரெதிர், இருந்தும் நண்பர்களாயினர். பெரியார் மடத்திற்கு வந்தபோது அடிகளார் அளித்த திருநீற்றை மறுக்காமல் ஏற்றார் என்று எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். இருவரில் யாரும் தம் கொள்கையை அதனால் விட்டுவிடவில்லை. அழகப்பச் செட்டியார் தம் நிலத்தையும் பணத்தையும் அள்ளிக் கொடுத்து இங்கே கல்விக்கூடங்களை எழுப்பியது, ஒரு கட்சியின் பேச்சு மட்டும் ஒலிக்கட்டும் என்பதற்காக அல்ல.

இதுவரை எதிர்த் தரப்பைச் சொன்னேன். எங்கள் தரப்பைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. கருத்தடை பற்றி மாணவிகளுக்கு ஒரு மருத்துவர் ஆற்றவிருந்த உரையை, பெற்றோர் முகம் சுளிப்பார்கள் என்று நிர்வாகமே நிறுத்திய கல்லூரியும் எனக்குத் தெரியும். கருத்தடை தெரியாமல் வளர்ந்த பெண்ணிடம்தான் பிறகு கருக்கலைப்பு பாவம் என்று போதிப்போமா? அதைவிடக் கசப்பானது ஒன்று உண்டு. ஒழுக்கத்தைப் பற்றி உரக்கப் பேசும் குடும்பங்களில், திருமணமாகாத பெண் கருவுற்றால் அக்கம்பக்கம் அறியாமல் மதுரைக்கோ திருச்சிக்கோ அழைத்துப் போய்க் "காரியத்தை முடித்து" வருகிறார்கள். அவளுடைய விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. கருவைப் பற்றியும் யாரும் கவலைப்படுவதில்லை. காப்பாற்றப்படுவது குடும்ப மானம் மட்டுமே. இந்தப் பழக்கத்தைப் பழமைவாதம் என்று அழைக்க நான் தயாராக இல்லை.

பிள்ளை கூட்டிக்கொள்வது, அதாவது தத்தெடுப்பது, எங்கள் நகரத்தார் வழக்கத்தில் பழையது. பெறாத பிள்ளையைப் பெற்ற பிள்ளையாகவே வைத்து, வீட்டையும் தொழிலையும் கோயில் புள்ளி என்னும் குடும்ப உறுப்புரிமையையும் ஒப்படைக்கும் அந்த ஏற்பாட்டை நான் பெருமையாகவே நினைக்கிறேன். ஆனால் அதே கோயிலை, அதாவது அதே குலப்பிரிவைச், சேர்ந்த பிள்ளைதான் வேண்டும் என்ற கட்டு அதில் உண்டு. வளர்க்க முடியாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்ல வழிசெய்யும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தபோது, அந்தத் தொட்டிலில் இருந்து ஒரு குழந்தையை எடுத்து வந்து வளவு வீட்டில் வளர்க்க நம்மில் எத்தனை பேர் முன்வந்திருப்போம்? கருவைக் கலைக்காதே என்று ஒரு பெண்ணிடம் சொல்லும் வாய்க்கு, பெற்றுக் கொடு, நாங்கள் வளர்க்கிறோம் என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும்.

கல்லூரிகளுக்கு இதிலிருந்து ஒரு வேலை இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு அளிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி 2016 முதல் சொல்கிறது. இளங்கலை, முதுகலை மாணவிகளுக்கும் வருகைப்பதிவில் சலுகை தரும் விதிகளை வகுக்குமாறு 2021இல் அதே குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அப்படியொரு விதி இருப்பதையே அறியாமல், வயிறு தெரியத் தொடங்கியதும் படிப்பை விட்டுச் சென்ற மாணவிகளை ஆசிரியர் பணியில் நான் பார்த்திருக்கிறேன், திருமணமானவர்கள்தான் அவர்கள். படிப்பா பிள்ளையா என்று ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க வைத்துவிட்டு, பிறகு அந்தத் தேர்வை உரிமை என்று ஒரு சாராரும் பாவம் என்று மறுசாராரும் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த பருவம் தொடங்கும் முன் விடுப்பு விதியைத் தமிழில் எழுதி ஒவ்வொரு துறையின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள், பாலூட்ட ஓர் அறை ஒதுக்குங்கள் என்று எனக்குத் தெரிந்த முதல்வர்களுக்கு எழுதியிருக்கிறேன். கருத்தரங்கில் அந்த மாணவியை மறுத்தவர்களும் இந்தக் கடிதத்தில் கையெழுத்திடத் தடையில்லை. அவளிடமும் சொல்லிவிட்டேன், அவள் கையெழுத்திட்டுவிட்டாள்.