ஏறுற வண்டிக்கு வழி விடுங்கய்யா!

கொல்லிமலைக்கு மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் இருக்கிற காரவள்ளியைத் தாண்டினால் ஸ்டியரிங்கைச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்துவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சனி, ஞாயிறில் மேலிருந்து இறங்கி வருகிற மகராசன்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் வளைவுக்குக் கீழே முதல் கியரில் முக்கிக்கொண்டு வருவது அவருக்கு நன்றாகவே தெரிகிறது. தெரிந்துதான் ஹெட்லைட்டை அடிக்கிறார். ‘நான் வர்றேன், நீ நில்லு’ என்று அர்த்தமாம்! அய்யா, நிற்க வேண்டியது நீங்கள். மலைச் சாலையில் இரண்டு வண்டி தாராளமாக விலக இடமில்லை என்றால், இறங்குகிற வண்டி ஓரங்கட்டி நின்று ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். 1989ஆம் ஆண்டு சாலை விதிகளிலேயே 25ஆவது விதியாக இது இருந்தது.

ஏற்றத்தில் ஒருமுறை நின்றுவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள், தெரியும். ஹேண்ட் பிரேக்கை விடுவதும் கிளட்ச் பிடிப்பதும் கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் வண்டி பின்னால் உருளும். கிளட்ச் கருகுகிற வாடை மூக்கில் ஏறும். லோடு லாரி என்றால் கிளீனர் குதித்து ஓடி டயருக்குக் கல் வைக்க வேண்டும். இறங்குகிறவருக்கு என்ன கஷ்டம்? பிரேக்கை மிதித்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். மறுபடி கிளம்ப மலையே தள்ளிவிடும்.

பஸ் வந்தால் இன்னும் கூத்து. வளைவில் திரும்ப பஸ்ஸுக்கு முழு ரோடும் வேண்டும். அதற்காகத்தான் டிரைவர் முன்கூட்டியே ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறார். நம்ம ஆள் பாட்டுச் சத்தத்தில் அதைக் கேட்காமல் வளைவுக்குள் மூக்கை நுழைத்துவிடுவார். ரிவர்ஸ் எடுக்கவும் வராது. அவராவது ஒரு ஆள். அவருக்குப் பின்னால் நிற்கிறவர்கள் பொறுமையில்லாமல் வலது பக்கம் ஏறி வந்து இருக்கிற இடத்தையும் அடைத்துவிடுவார்கள். அப்புறம் கண்டக்டர் இறங்கி, விசிலடித்து, ஒவ்வொரு காராகப் பின்னால் தள்ளவைக்க வேண்டும்.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க இஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்குகிற புத்திசாலிகளும் உண்டு. இஞ்சின் ஓடாவிட்டால் பிரேக் கல்லு மாதிரி இறுகும், ஸ்டியரிங்கும் லேசில் திரும்பாது. இவர்கள் வழி விட நினைத்தாலும் முடியாது. ஏறின கியரிலேயே இறங்கு என்று மலைக்காரர்கள் சொல்வது சும்மாவா?

சரி, அபராதம்? ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய். இந்த மாதிரி சாலை விதிமுறை மீறலுக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 177ஏ பிரிவில் 500 முதல் 1000 வரை. ஆபத்தாக ஓட்டியதாக அதே சட்டத்தின் 184ஆவது பிரிவில் போட்டால் முதல் தடவை 5000 வரை, இல்லை ஜெயில்கூட உண்டு. ஆனால் வளைவில் நின்று யார் எழுதுகிறார்கள்? ஹெல்மெட் பிடிக்கிற ஆர்வத்தில் கால்வாசி இதற்குக் காட்டினால் போதும். லைசென்ஸ் கொடுக்கும்போதாவது ஒரு மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்கிறார்களா என்றால், சமதரையில் எட்டு போட்டால் மலையேறவும் தகுதி வந்துவிடுகிறது.

போன வாரம் ஒருவர் கண்ணாடியை இறக்கிச் சொல்கிறார்: “அண்ணே, நீங்க கொஞ்சம் பின்னாடி போங்களேன், இறக்கம்தானே, ஈசியா போயிரும்.” எனக்குப் பின்னால் செங்கல் லாரி, அதற்குப் பின்னால் பஸ். எங்கே போவது, அவர் தலை மேலேயா?