கருகிய ரெசிஸ்டரை மாற்றினால் மட்டும் போதாது

ஓசூர் தம்பி, உங்க பின்பால் மெஷின் (உலோக உருண்டையைத் தட்டி ஆடும் விளையாட்டு மெஷின்) போர்டில் ஒரு ரெசிஸ்டர் (கரண்டைக் கட்டுப்படுத்தும் சின்ன பாகம்) கருகிவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டீங்க. அதற்கு "கருகினதைக் கழற்றிவிட்டு அதே ஓம்ஸில் 5 வாட் போடுங்க, ஜென்மத்துக்கும் கருகாது" என்று மேலே ஒரு அண்ணன் சொல்லியிருக்கிறார். அதை நம்பி அந்த 1970களின் வில்லியம்ஸ் கம்பெனி பின்பால் போர்டுக்கு உடனே பவர் கொடுத்துவிடாதீங்க.

ரெசிஸ்டர் சும்மா கருகாது. அந்த மெஷினில் விளக்குகள் 8 நெடுவரிசை, 8 கிடைவரிசை என்று கட்டம் கட்டமாக (மேட்ரிக்ஸ்) ஓடும், நெடுவரிசைகளுக்கு மாறி மாறிக் கரண்ட் போவதால் (இதுதான் ஸ்கேன்) ஒரு நெடுவரிசைக்கு எட்டில் ஒரு பங்கு நேரம்தான் கரண்ட், அதற்கேற்றபடிதான் ரெசிஸ்டரும் போட்டிருப்பார்கள். மெஷினின் மூளையான சிபியு ஹேங் ஆகி ஸ்கேன் நின்றாலோ, அந்த நெடுவரிசையை ஓட்டும், சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் சின்ன டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனாலோ முழு நேரமும் கரண்ட் போகும், சூடு எட்டு மடங்கு. 5 வாட் போட்டால் அதிக சூடு தாங்கி ரெசிஸ்டர் தப்பிக்கலாம், ஆனால் 6.3 வோல்ட் பல்புக்கு ஏறத்தாழ 18 வோல்ட் விடாமல் போனால் அது எத்தனை நேரம் தாங்கும்? முதலில் டிரான்சிஸ்டரை மீட்டரில் பாருங்க.

அப்புறம், கருகினதன் கலர் கோடுகளை நம்ப வேண்டாம், சூட்டில் நிறம் மாறியிருக்கும். பக்கத்து நெடுவரிசையில் அதே வேலை செய்யும் ரெசிஸ்டரின் ஒரு கம்பியை மட்டும் போர்டிலிருந்து கழற்றி அளந்தால் சரியான மதிப்பு கிடைக்கும். போர்டில் கரி பிடித்திருந்தால் சுரண்டி எடுத்துடுங்க, கரியும் கரண்ட் கடத்தும். புதுசைப் போர்டில் ஒட்டாமல் கொஞ்சம் தூக்கி வைத்து சால்டர் பண்ணுங்க.

மாற்றிப் போட 2 வாட் ரெசிஸ்டர் உங்க ஊரில் கிடைக்காவிட்டால், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பாருங்க.