கிடப்பில் போடுவதும் ஒரு முடிவா?

பிடிக்கவில்லையா, எதிர்த்து ஓட்டுப் போட்டுத் தோற்கடி. எடுத்துக்கொள்ளவே மாட்டேன் என்று ஃபைலை அமுக்கி வைக்காதே. அமெரிக்க உச்ச நீதிமன்ற நியமனச் சண்டையில் என் கோபம் இவ்வளவுதான்.

2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்கேலியா இறந்தார், ஒபாமா மெரிக் கார்லண்டை நியமிக்கப் பெயர் கொடுத்தார். நியமனத்துக்கு ஒப்புதல் தர வேண்டிய மேலவையான செனட்டில் குடியரசுக் கட்சிக்குத்தான் பெரும்பான்மை, வேண்டாமென்றால் ஒரே ஓட்டெடுப்பில் முடித்திருக்கலாம். ஆனால் செனட்டில் அந்தக் கட்சியின் தலைவரான மிட்ச் மெக்கானல், இது தேர்தல் வருஷம், மக்கள் முடிவு செய்யட்டும் என்று சொல்லி விசாரணைக்கே எடுக்காமல் வருஷத்தை ஓட்டிவிட்டார். சரி, கொள்கை என்றே வைத்துக்கொள்வோம். 2020 செப்டம்பர் 18-ல் நீதிபதி கின்ஸ்பர்க் இறந்ததும் அதே மனிதர் அக்டோபர் 26-க்குள் ஏமி கோனி பாரெட்டை 52-48 என்று உட்காரவைத்துவிட்டார், தேர்தலுக்கு எட்டே நாள் இருந்தது. வெள்ளை மாளிகையும் செனட்டும் ஒரே கட்சி கையில் இருந்தால் வேறு கணக்காம். (ஜனநாயகக் கட்சி மட்டும் யோக்கியமா? கீழ்க் கோர்ட்டு நியமனங்களுக்கு 60 ஓட்டு வேண்டும் என்ற தடையை 2013-ல் தூக்கியது அவர்கள்தான். 2017-ல் குடியரசுக் கட்சி உச்ச நீதிமன்றத்துக்கும் அந்தத் தடையைத் தூக்கியது.)

அமெரிக்காவில் போல நீதிபதிக்கு ஆயுள் முழுக்கப் பதவி என்றால் யார் எப்போது சாவார் என்பதுதான் அரசியலாகும். எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "எங்க அரசியலமைப்பு மன்றத்துல ஒன்பது வருஷம் ஆனா எழுந்து போயிடணும் தம்பி." பிரான்சின் அந்த மன்றத்துக்கு ஒன்பது பேரை நியமிக்கிறார்கள், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மூன்று பேர் மாறுவார்கள்.

நம் உச்ச நீதிமன்றத்தில் 65 வயதில் ஓய்வு, எந்த நாற்காலி எந்தத் தேதியில் காலியாகும் என்று முன்கூட்டியே தெரியும். அப்படியும் அமுக்கல் நிற்கவில்லை. உத்தராகண்டில் மத்திய அரசு கொண்டுவந்த குடியரசுத் தலைவர் ஆட்சியை 2016-ல் ரத்து செய்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர், அந்த மாநில உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி கே.எம்.ஜோசப். 2018 ஜனவரியில் கொலீஜியம், அதாவது நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் மூத்த நீதிபதிகள் குழு, அவரையும் இந்து மல்ஹோத்ராவையும் உச்ச நீதிமன்றத்துக்குச் சேர்த்துப் பரிந்துரைத்தது. ஏப்ரலில் மத்திய அரசு மல்ஹோத்ராவை நியமித்துவிட்டு ஜோசப் பெயரை மட்டும் திருப்பி அனுப்பியது. கொலீஜியம் மறுபடி அனுப்பி, ஆகஸ்டில்தான் பதவியேற்றார், அதுவும் நம் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த இந்திரா பானர்ஜிக்கும் வினீத் சரணுக்கும் அடுத்து, மூன்றாவதாக. சீனியாரிட்டி போச்சு.

மெக்கானல் கேமரா முன்னால் நின்று சொல்லிவிட்டுச் செய்தார். இங்கே சத்தமே இல்லை, கொலீஜியம் உள்ளே என்ன பேசுகிறது என்பதும் நமக்குத் தெரியாது. பெயர் வந்தால் இத்தனை நாளுக்குள் சரி அல்லது முடியாது என்று காரணத்தோடு எழுதிக் கொடு என்று அரசியல் சட்டத்திலேயே கெடு வைக்க வேண்டும். எந்தக் கட்சி டெல்லியில் இருந்தாலும். ஜோசப் விஷயத்தில் வாயே திறக்காதவர்கள் மெக்கானலைத் திட்டிக்கொண்டு என்னிடம் வர வேண்டாம்.