எட்டரை மணிக் கதவு

புதுச்சேரியில் வேலை பார்க்கிற பெண்கள் தங்கும் விடுதிகள் இரவு எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டலாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கதவு, ரிஜிஸ்டர், வார்டன் என்று நேராக ஆரம்பித்தால் ஏதோ ஹாஸ்டல் பஞ்சாயத்து என்று நினைத்து நகர்ந்துவிடுவீர்கள். அதனால் அந்தக் கதவுக்கு வெளியே என்னென்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு பீச் ரோட்டில் போலீஸ்காரர்கள் தடுப்புகளை இழுத்து வைப்பார்கள். மறுநாள் காலை ஏழரை வரை அந்தச் சாலையில் வண்டி கிடையாது. ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழைய கட்டடங்கள், நடுவில் அகலமான தார் ரோடு. அந்த ரோட்டின் நட்டநடுவில் கையை வீசிக்கொண்டு நடக்கலாம். பின்னால் ஹாரன் அடிக்க யாரும் இல்லை. பஸ் ஸ்டாண்டிலும் கடைத்தெருவிலும் சுவரை ஒட்டி, பையை முன்னால் அணைத்துக்கொண்டு, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே நடந்து பழகியவள் ஒருநாள் நடுரோட்டில் நடந்தால் தோள் தானாக இறங்கும். எனக்கு இறங்கியது. இவ்வளவு காலம் தோளைத் தூக்கிவைத்துத்தான் நடந்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

என் ஊர் நெல்லிக்குப்பம் பக்கம். கரும்பு லாரி போகிற ஊர். அரவை நடக்கிற மாதங்களில் காற்றிலேயே ஒரு இனிப்புக் கலந்த புளிச்ச வாசனை இருக்கும். அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போவதற்குள் நாலு திண்ணையிலிருந்து கேள்வி வரும். "இன்னாம்மா இவ்ளோ நேரம்?" "யாரு கூட வந்த?" பாசமாகத்தான் கேட்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பாசமாகக் கேட்டாலும் பதில் சொல்லியாக வேண்டும். பீச் ரோட்டில் என்னை யாருக்கும் தெரியாது. காந்தி சிலையைச் சுற்றி செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கருங்கல் தூண்கள் நிற்கின்றன. அதன் படிகளில் ஒரு மணிநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும், யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. யாருக்காகவும் காத்திருக்காமல் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க முடிவதுதான், என்னைக் கேட்டால், நகரம் ஓர் இளம்பெண்ணுக்குத் தருகிற முதல் சந்தோஷம். சென்னைக்காரர்களுக்குப் புதுச்சேரி சின்ன ஊராக இருக்கலாம். கரும்புக் காட்டிலிருந்து வருகிறவளுக்கு இது மாநகரம்தான்.

இரண்டாவது, சம்பளம். மகாத்மா காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட் போடுவார்கள். துணி, செருப்பு, பை, பாத்திரம், போன் கவர் எல்லாம் தரையில் விரித்த தார்ப்பாயிலும் தள்ளுவண்டியிலும் குவிந்து கிடக்கும். முதல் சம்பளத்தில் அங்கே ஒரு மஞ்சள் குர்தி வாங்கினேன். மஞ்சள் எனக்கு எடுபடாது என்று வீட்டில் எப்போதும் சொல்வார்கள். யாரையும் கேட்காமல், போட்டோ எடுத்து அனுப்பாமல், பேரம் பேசி வாங்கினேன். இன்றைக்கும் போட்டுக்கொள்கிறேன்.

ரோமன் ரோலண்ட் நூலகம் பற்றியும் சொல்ல வேண்டும். 1827இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது. இப்போது அரசு நூலகம். சீக்கிரம் வேலை முடிகிற நாட்களில் அங்கே போவேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம், செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிக்கிற பெரியவர்கள் ஒரு பக்கம். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. அல்லியான்ஸ் பிரான்சேஸ் என்கிற பிரெஞ்சுப் பண்பாட்டு மையத்தில் பிரெஞ்சுப் படம் போடுவார்கள். கீழே ஓடுகிற ஆங்கிலத்தில் பாதியைத் தவறவிட்டாலும் முகங்களைப் பார்த்துக் கதை புரிந்துவிடும். புதுச்சேரி அரசே வருடத்துக்கு ஒரு திரைப்பட விழா நடத்தி, நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருதும் கொடுக்கிறது. 1922இல் அவர் காலமானது இந்த ஊரில்தான்.

கடற்கரை மணலைப் பற்றி ஒன்று. என் வயதுக்காரர்கள் பலருக்கு, பாண்டி பீச் என்றால் கறுப்புப் பாறைதான் ஞாபகம் வரும். தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்புகள் வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்த மணலை மறித்துவிட்டன. இந்தப் பக்கத்துக் கரை அரித்துப்போய், மிச்சம் இருந்ததைக் காப்பாற்றப் பாறைகளைக் கொட்டினார்கள். பிறகு தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தினர் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் இரும்பினாலான ஒரு செயற்கைத் திட்டை இறக்கினார்கள். அலையின் வேகம் அங்கே உடைந்து மணல் திரும்பச் சேர்ந்தது. இப்போது அங்கே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஆழத்துக்குப் போனால் போலீஸ் விசில் அடிக்கும். விசிலுக்குக் கட்டுப்படுங்கள், அந்த இழுப்பு பொல்லாதது. நான் இதைச் சொல்ல வந்தது வேறு காரணத்துக்காக. இந்த ஊரின் சாயங்காலத்துக்காக அரசு எவ்வளவு பணமும் மூளையும் செலவழித்திருக்கிறது என்று பாருங்கள். ரோட்டை மூடிக் கொடுத்திருக்கிறார்கள். மணலைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் யாருக்காக?

வெள்ளிக்கிழமை இரவானால் கர்நாடக நம்பர் பிளேட்டும் சென்னை நம்பர் பிளேட்டும் வரிசையாக ஊருக்குள் நுழையும். வரட்டும். ஊரின் வருமானம் அது. எங்கள் ஆபீஸ் வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் ஓட்டலும் லாட்ஜும் நடத்துகிறவர்கள். நான் யாரையும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் தங்க வந்த என் வயதுப் பெண் நள்ளிரவு வரை அந்தக் கடலோரத்தில் உட்காருகிறாள். இதே ஊரில் வாடகை கொடுத்து, வேலை செய்து, வருடம் முழுக்க வாழ்கிற நான் எட்டு மணிக்கே எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. எட்டரைக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

கணக்கைப் பாருங்கள். எனக்கு ஆடிட்டர் ஆபீசில் வேலை, எல்லைப்பிள்ளைச்சாவடிப் பக்கம். ஏழு மணிக்கு முடியும். டெம்போ பிடித்து, இறங்கி நடந்து கடலைப் பார்க்கும்போது ஏழரை தாண்டிவிடும். திரும்பிப் போகிற நேரத்தைக் கழித்தால் மிஞ்சுவது இருபது நிமிஷமோ என்னவோ. அதிலும் பாதி நேரம் கண் செல்போன் கடிகாரத்தில் இருக்கும். அதனால் வார நாட்களில் எங்கள் அறையில் யாருமே போவதில்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டு கடலை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். அன்றைக்கோ நிற்க இடம் கிடைக்காத கூட்டம்.

இன்னொன்று. மாதாமாதம் 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்குக் கடைசி நாள். அந்த வாரம் எங்கள் ஆபீசில் பத்து, பத்தரை ஆகும். அப்போது கதவு திறக்கும். ஆபீசிலிருந்து ஒரு கடிதம் கொடுத்தால் போதும். வார்டன் அக்கா தூக்கக் கலக்கத்தோடு வந்து திறந்துவிட்டு, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்பார். நல்ல மனுஷி. அப்படியென்றால் பத்தரை மணி இருட்டு ஆபத்தானது இல்லை என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. முதலாளிக்காகத் தாமதமானால் அந்த இருட்டு சரி. எனக்காகத் தாமதமானால் அதே இருட்டு தப்பு. கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன் என்று கடிதம் எழுதித் தர யார் இருக்கிறார்கள்?

விடுதி நடத்துகிறவர்களின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஏதாவது நடந்தால் பெற்றவர்கள் அவர்களைத்தான் கேட்பார்கள், போலீஸும் அவர்களைத்தான் கேட்கும். அந்தப் பயத்தைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் பூட்டு என்ன செய்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். எட்டே முக்காலுக்கு வந்து சேர்கிறவள் பூட்டிய கதவுக்கு முன்னால், சந்தில், தனியாக நின்று போன் செய்துகொண்டிருக்கிறாள். எட்டரைக்குள் வந்துவிட வேண்டும் என்பதற்காகப் பெரிய வீதியை விட்டுவிட்டு, விளக்கில்லாத குறுக்குச் சந்து வழியாக ஓடிவருகிறாள். பாதுகாப்புக்கு என்று வைத்த விதியே அவளைத் தெருவில் நிறுத்துகிறது. பக்கத்துத் தெருவில் ஆண்கள் தங்குகிற மேன்ஷனுக்கு அப்படி ஒரு நேரமே கிடையாது.

ஒரு தடவை அம்மாவைக் கடற்கரைக்கு அழைத்துப்போனேன். அம்மாவுக்குப் புதுச்சேரி என்றால் ஜிப்மர்தான். விடியற்காலையில் பஸ் ஏறி, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருந்தை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவதைத் தவிர இந்த ஊரில் வேறு எதுவும் பார்த்ததில்லை. அன்றைக்குக் கடலோரச் சுவரில் உட்காரவைத்துச் சுண்டல் வாங்கிக் கொடுத்தேன். சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டது, "இதுக்கு டிக்கெட் இல்லியா பாப்பா?"

"இல்லம்மா."

"தெனமும் வருவியா?"

"எங்க வர்றது? எட்டரைக்குப் பூட்டிடுவாங்களே."

"எத, இந்த ரோட்டையா?"

"ஹாஸ்டலம்மா."

என்னைச் சேர்க்கும்போது அந்த எட்டரை மணி விதியைக் கேட்டு நிம்மதியாக மூச்சு விட்டது இதே அம்மாதான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. அப்புறம் கூத்துப் பார்த்த கதையைச் சொல்ல ஆரம்பித்தது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும்போது, கல்யாணம் ஆகாத பெண்கள் எல்லாம் பாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு போய் விடியவிடிய உட்கார்ந்திருப்பார்களாம். தூக்கம் வந்தால் அங்கேயே படுத்துக்கொள்வது, அர்ச்சுனன் வருகிற நேரத்துக்கு யாராவது எழுப்பிவிடுவது. வீட்டில் யாரும் தடுத்ததில்லை. "ஊரே அங்க தானே இருக்கும், பயம் இன்னா?" என்றது.

நான் சொல்ல நினைத்ததை அம்மா அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டது. இரவு வெளியே இருப்பது நம் பெண்களுக்கு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இல்லை. கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் அம்மாக்களும் ஆயாக்களும் இரவு முழுக்கத் திறந்தவெளியில் இருந்திருக்கிறார்கள். கூட்டமும் வெளிச்சமும் தெரிந்த முகங்களும் அவர்களுக்குக் காவலாக இருந்தன. பீச் ரோட்டில் முகங்கள் தெரியாதவை, அவ்வளவுதான். குடும்பம் குடும்பமாகக் கூட்டம் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, சிவப்புத் தொப்பிப் போலீஸ் இருக்கிறது. அங்கே எனக்குப் பயம் வந்ததே இல்லை. பயம் வருவது அங்கிருந்து திரும்புகிற வழியில்தான். நேரு வீதியில் கடைகள் ஷட்டரை இறக்கியதும் உள்தெருக்கள் வெறிச்சோடிவிடும். அந்தத் தெருக்களில் நாலு பெண்கள் நடந்தால் ஐந்தாவது பெண்ணுக்குப் பயம் குறையும். எல்லோரையும் எட்டரைக்கு உள்ளே போட்டுப் பூட்டினால், வேலை முடிந்து பத்தரைக்கு வருகிறவள் அதே தெருவில் ஒற்றையாக வருவாள்.

எனக்கு வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. பூட்டுக்குப் பதில் ஒரு பதிவேடு: எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று எழுதிவிட்டுப் போகிறோம், தாமதமானால் போன் செய்கிறோம். வேலை பார்க்கிற பெண்களுக்காகத் தமிழ்நாடு அரசு நடத்துகிற தோழி விடுதிகளில், விரல்ரேகை போன்றவற்றைப் பதிகிற பயோமெட்ரிக் முறையில் உள்ளே போகிற ஏற்பாடு இருக்கிறது. அதுபோன்ற ஒரு விடுதி நம் பக்கத்தில் விழுப்புரத்திலேயே இருக்கிறது. தனியார் விடுதி அந்த இயந்திரத்தை வாங்கிப் பொருத்துவது முடியாத காரியம் இல்லை. உள்தெருக்களில் எரியாத விளக்குகளை எரியவைக்க வேண்டும். பெண்கள் நம்பி உள்ளே போகக்கூடிய கழிப்பறை இன்னும் வேண்டும். இரவு பத்து மணிக்குப் பிறகும் கடற்கரைப் பக்கத்திலிருந்து புதிய பஸ் நிலையத்துக்கு ஒரு பஸ் ஓடினால், விடுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் அல்ல, முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், தவளக்குப்பம் என்று போகவேண்டிய கடைப் பெண்களுக்கும் உதவும். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு ஒன்பது மணிக்கு மேல் வெளியே வருகிற அவர்கள், கடல் நடந்துபோகிற தூரத்தில் இருந்தும் அந்தப் பக்கம் போகாமல் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். அவர்களுக்கும் பத்து நிமிஷக் காற்று வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேலை முடிந்த பிறகு அவர்களுக்கு ஒரு சாயங்காலம் வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. சம்பளம் வாங்கும் அளவுக்கு எங்களைப் பெரியவர்கள் ஆக்கிவிட்டீர்கள். கடலைப் பார்த்துவிட்டு எப்போது வீட்டுக்குத் திரும்புவது என்று முடிவுசெய்யவும் எங்களால் முடியும்.

அன்றைக்கு பஸ் ஏறும்போது அம்மா கேட்டது, "ஒம்போதரைன்னு வெச்சா ஆவாதாமா அவங்களுக்கு?" பத்தரை என்று நான் மனதில் வைத்திருந்தேன். பரவாயில்லை, பேச்சு தொடங்கிவிட்டது.

எங்கள் விடுதிப் பெண்கள் சேர்ந்து உரிமையாளருக்குக் கொடுக்க ஒரு கடிதம் தயார் செய்துகொண்டிருக்கிறோம். புதுச்சேரியிலோ கடலூரிலோ பெண்கள் விடுதி நடத்துகிறவர்கள் யாராவது, இரவில் பூட்டாமல் சாவியோ ரிஜிஸ்டரோ வைத்துச் சமாளிக்கிறீர்கள் என்றால், அதை எப்படிச் செய்கிறீர்கள், என்ன சிக்கல் வந்தது, பெற்றோர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். பெயர் வெளியே வராது. அந்தக் கடிதத்தோடு இணைத்துக் கொடுக்க வேண்டும்.