சந்தா நோட்டுக்கு முன்னால் எண்ணெய்ச் சிமிழை எடுங்கள், ஃபாதர்

செவ்வாய்க்கிழமை நடந்தது எல்லாருக்கும் தெரியும்: சாகக் கிடந்த ஒரு அம்மாவுக்கு அவஸ்தை பூச, அதாவது செபித்து எண்ணெய் பூச, உங்களைக் கூப்பிட்டார்கள்; பங்குக்குக் கட்ட வேண்டிய சந்தாவைக் கேட்டதில் அரை மணி போனது. அதற்குமேல் சொல்லி அந்தக் குடும்பத்தை நோகடிக்க விருப்பமில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவஸ்தை பூச வாருங்கள் என்று போன் செய்தால், "சந்தா எத்தனை வருஷம் பாக்கி?" என்று கேட்கச் சொல்லி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

திருச்சபைச் சட்டத்தில் இல்லை. காசில்லாத காரணத்தால் ஏழைக்குத் திருவருட்சாதனம் கிடைக்காமல் போகக் கூடாது என்கிறது அதன் 848-ஆம் பிரிவு. அடக்கத்துக்கும் அதேதான், 1181. பங்குத்தந்தை வீடுகளைச் சந்திக்க வேண்டும், சாகக் கிடப்பவர்களைத் தேற்ற வேண்டும், ஏழைகளைத் தேடிப் போக வேண்டும் என்கிறது 529. தேடிப் போக வேண்டும், ஃபாதர். நோட்டைத் தேட அல்ல.

"அரை மணி நேரம்தானே தாமதம்" என்கிறார்கள். முதலில் பாவசங்கீர்த்தனம் (பாவங்களைச் சாமியாரிடம் அறிக்கையிடுவது), பிறகு நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய், கடைசியில் வழியுணவாக நன்மை (பூசையில் தரும் அப்பம்). முதலாவதற்கு நினைவு வேண்டும். மூன்றாவதற்குத் தொண்டையில் இறங்க வேண்டும். நினைவு தப்பினால் எண்ணெய் மட்டும். உயிர் போய்விட்டால் அதுவும் கிடையாது, செபம்தான். அரை மணியில் எது எது போனது என்று இப்போது எண்ணிக்கொள்ளுங்கள்.

நல்ல பங்குத்தந்தையின் பையில் பஞ்சு வைத்த எண்ணெய்ச் சிமிழ் எப்போதும் இருக்கும். பீரோ சாவிக்காக, கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையைத் தேட மாட்டார். முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோகிறவருக்கு, யார் படுக்கையில் கிடக்கிறார், எந்தச் சந்தில் ஆட்டோ நுழையாது என்பதெல்லாம் மனப்பாடம். மோசமான நாள் வருமுன்பே, பேச்சு இருக்கும்போதே பூசிவிடுவார்.

"சந்தா இல்லாமல் கரண்ட் பில் யார் கட்டுவது?" நியாயம்தான், வசூலியுங்கள். 537 சொல்கிற நிதிக்குழு எங்கே? போன திருவிழாக் கணக்கு நோட்டீஸ் போர்டுக்கு வந்ததா? சாவு வீட்டில் மட்டும் ஏன் கணக்கு இத்தனை சுத்தம்? கந்துவட்டிக்காரர்கூடப் பதினாறு கழியட்டும் என்று பொறுப்பார்.

"மூன்று கிளைக் கோயில், ஃபாதருக்கு ஓய்வு வேண்டாமா?" வேண்டும். வருஷத்துக்கு ஒரு மாத விடுப்பைச் சட்டமே தருகிறது. போகும்போது, அவசரத்துக்கு எந்தச் சாமியாரைக் கூப்பிடுவது என்று கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போகலாம்.

"பிஷப்பிடம் சொல்லாமல் முகநூலிலா?" பிஷப் ஹவுசில் மனு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நன்றாகவே வைத்துக்கொள்கிறார்கள்.

கோபுரம் கட்டினாராம், கெபி (சிறு குகைக்கோயில்) கட்டினாராம். கட்டட நிதிக்காக நாற்பது நிமிஷப் பிரசங்கம். எட்டு நிமிஷத்தைத் தாண்டாதீர்கள் என்று 2024-இல் போப் பிரான்சிஸ் சொன்னது இந்தக் கல்வெட்டுகளைத் தாண்டி இங்கே வரவில்லை போல. கல்வெட்டில் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறது. ஞானஸ்நான ரெஜிஸ்டரின் ஓரத்தில் கல்யாணக் குறிப்பு ஏறாமல் எத்தனை பிள்ளைகள் அலைகிறார்கள்!

துக்கமணி அடிக்கவும் ரசீது கேட்டார்களாம். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். இறந்துபோன அந்த அம்மா எத்தனையோ வருஷம் பீடத்துணி துவைத்துக் கஞ்சி போட்டுத் தந்தவர். ஒரு துணிக்கு இவ்வளவு என்று போட்டால் எத்தனை வருஷச் சந்தா கழியும்? நோட்டு உங்களிடம்தானே இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள், ஃபாதர்.