லிங்க் அனுப்பினால் பாடம் நடந்துவிட்டதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். போன வாரம் ஒரு கூட்டத்தில், "எல்லாம்தான் இயங்கலையில் இலவசமாகக் கிடைக்கிறதே, இனிமேல் பிள்ளை படிக்கவில்லை என்றால் அது வீட்டார் பொறுப்பு" என்று ஒருவர் சொன்னார். பலரும் தலையாட்டினார்கள். அங்கேயே எழுந்து பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அதுதான் இத்தனை நாளாக மனதை அறுக்கிறது.

கிடைப்பது உண்மை. கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் பாடநூல்கள் இருக்கின்றன. 2021 பிப்ரவரியில் டிடிக் டிவி என்ற கல்வித் தொலைக்காட்சி வந்தது. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்த தமிழ் நூல்கள் இன்றும் காசில்லாமல் கிடைக்கின்றன. இவர்கள் எல்லாருக்கும் நான் கடன்பட்டவள், அதில் மாற்றமில்லை.

ஆனால் 2020 மார்ச் 18-ல் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் மூன்று வாரம் எதற்குமே பதில் போடவில்லை. நான் புலனத்தில் (வாட்ஸ்அப்) காணொளியாக அனுப்பிக்கொண்டே இருந்தேன், வருகைப் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே சுழியம் போட்டுக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் அவன் அப்பாவை அழைத்துப் பேசினேன். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். "டீச்சர், வீட்டுல ஒரே போனு, அது என்கூட லாரியில இருக்கு. ராத்திரி எட்டு மணிக்குத்தான் வர்றேன். வீடியோ பார்த்தா பிரீபெய்ட் ரெண்டே நாள்ல முடிஞ்சிடுது" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். முதல் வாரமே அழைத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு பயிற்சிகளைத் தாளில் அச்சடித்து, அவர்கள் தாமான் (குடியிருப்பு) முனையில் உள்ள மளிகைக் கடையில் வைத்தேன். அவர் வேலை முடிந்து வரும்போது எடுத்துப்போவார், வெள்ளிக்கிழமை அங்கேயே திருப்பி வைப்பார். இரவு எட்டரைக்கு அவனோடு பத்து நிமிடம் பேசுவேன். அவ்வளவுதான் செய்தேன், பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவனுக்குப் பின்னமே பிடிபடவில்லை என்று தெரிந்தது. மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்றுதான் பெரிது என்று நினைத்துக்கொண்டிருந்தான், நான்கு பெரிய எண் என்பதால். எந்தக் காணொளி இதைக் கண்டுபிடித்துச் சொல்லும்?

பள்ளி திறந்ததும் ஃபெட் எனக்குக் கைகொடுத்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிவைத்த, கணினியில் பிள்ளையே இயக்கிப் பார்க்கும் இலவச மாதிரிகள் அவை. கோப்பை ஒருமுறை பதிவிறக்கிக்கொண்டால் இணையமே வேண்டாம். வகுப்பிலிருந்த பழைய மடிக்கணினியில் அவனே வட்டத்தை மூன்றாக வெட்டினான், பிறகு நான்காக வெட்டினான், ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான், என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை.

இன்னொன்று மொழி. தமிழ்நாட்டுக் காணொளிகள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் அங்கே லட்சம், கோடி. நம் பாடநூலில் மில்லியன். பத்து லட்சம்தான் ஒரு மில்லியன் என்று யாராவது சொல்லாவிட்டால் பிள்ளை குழம்பிப்போய் மூடிவைத்துவிடுவான். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் எல்லாமே மலாய். பின்னம் தெரிந்த பிள்ளை 'பெச்சாஹான்' என்றதும் திருதிருவென்று விழிக்கிறான். கணக்கு வராத பிள்ளை என்று பெயர் விழுந்துவிடுகிறது, உண்மையில் வராதது அந்த ஒரு சொல்.

என் பாட்டி தோட்டப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று பிரிட்டிஷ் காலத்துச் சட்டத்திலேயே இருந்தது. பாட்டிக்குக் கிடைத்தது ஒரு கொட்டகை, காலைப் பெரட்டு, அதாவது வேலையாட்களின் பேர் கூப்பிடுதல், முடிந்து நேரம் இருந்தால் வந்து அ, ஆ எழுதிப்போடும் கிராணி என்கிற தோட்டத்து எழுத்தர். தோட்டத்துக் கணக்கில் அதுவும் பள்ளிதான். இன்றைக்கு லிங்க்கை அனுப்பிவிட்டு அறிக்கையில் 'பாடம் நடந்தது' என்று எழுதும்போது எனக்குப் பாட்டியின் கொட்டகைதான் ஞாபகம் வருகிறது.

ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வையும் 2021-ல் எடுத்துவிட்டார்கள். அதன் அழுத்தம் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பின்தங்கும் பிள்ளையை இப்போது வகுப்பாசிரியர் கவனிக்காவிட்டால் வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே சக ஆசிரியர்களிடம் உரிமையோடு கேட்கிறேன், ஒரு காணொளியை அனுப்புமுன் அதை முழுதாகப் பாருங்கள், பதில் போடாத பிள்ளையின் வீட்டுக்கு முதலில் அழையுங்கள். நேரமில்லை என்பது எனக்கும் தெரியும், கோப்பு வேலையே நம்மைத் தின்கிறது. பதில் போடும் முப்பது பேருக்கு இன்னொரு பயிற்சி தேடும் நேரத்தை அந்த ஒருவனுக்குக் கொடுங்கள்.

அந்தப் பையன் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போன முதல் மாதமே, "டீச்சர், பென்யெபுட்னா பகுதி எண்தானே?" என்று குரல்பதிவு அனுப்பினான். அன்றைக்குத் தொடங்கியதுதான் தமிழும் மலாயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த கணிதச் சொல்பட்டியல். இப்போது நான்கு பக்கம் வந்திருக்கிறது, வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். அறிவியலுக்கு இன்னும் ஒரு பக்கம்கூட ஆகவில்லை. இடைநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர் யாராவது இதைப் படித்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், சேர்ந்து முடிப்போம்.