அந்த ஜிப்சோபிலா வீடியோவைப் பார்த்தவர்களுக்கு

ஜிப்சோபிலா என்பது பொக்கேயில் வைக்கும் பொடிப் பூக்களின் செடி, பேபிஸ் பிரெத் என்றும் சொல்வார்கள். அதை வளர்க்கச் சொல்லித்தரும் அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "பேபிஸ் பிரெத் மொட்டை மாடியில் வருஷம் முழுக்கப் பூக்கும், வெறும் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) போதும், காலை மாலை தண்ணீர் விடுங்கள்." கீழே ஒருவர், நாற்றெல்லாம் படுத்துவிட்டது என்று படம் போட்டிருந்தார். அதற்கு வீடியோ போட்டவரின் பதில்: "உங்களுக்குக் கைராசி இல்லை மேடம்." கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. ஏன் படுத்தது என்று நான் தன்மையாகத்தான் நாலு வரி எழுதினேன். அழித்துவிட்டார்கள். பரவாயில்லை, இங்கே எழுதினால் அழிக்க அவர்களால் முடியாது.

கைராசியாவது ஒன்றாவது! அந்த நாற்றைக் கொன்றது தண்ணீர்.

ஜிப்சோபிலா கார்னேஷன் குடும்பத்துச் செடி. சுண்ணாம்புச் சத்துள்ள, தண்ணீர் நிற்காத, கொஞ்சம் வறண்ட மண்தான் அதற்குப் பிடிக்கும். மண்ணின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 7 முதல் 7.5 வரை இருந்தால் நல்லது. கோகோபீட் பெரும்பாலும் 6-ஐ ஒட்டியே இருக்கும், உறிஞ்சிய ஈரத்தையும் லேசில் விடாது. அதில் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினால், தண்டு மண்ணைத் தொடும் இடம் கறுத்து நூலாக மெலிந்து, ராத்திரியோடு ராத்திரியாக நாற்று சாயும். இதற்குப் பெயர் நாற்றழுகல். பூஞ்சை செய்கிற வேலை. பழி மட்டும் வளர்த்தவர் தலையில்.

கலவை இதுதான்: செம்மண் 2 பங்கு, கொரகொரப்பான மணல் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. அவ்வளவுதான். கடலைப் பிண்ணாக்கு, சாணம் என்று பாசத்தில் அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் தண்டு நீண்டு மடங்கும், பூ குறையும். வாளியில் வெள்ளையாகப் படியும் போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் தனியாகச் சுண்ணாம்பும் போட வேண்டாம்.

தொட்டி 10 அங்குல ஆழமாவது இருக்கட்டும், அடியில் ஓட்டைகள் அடைபடாமல் இருக்கட்டும். நாற்றுத் தட்டில் வளர்த்துப் பிடுங்கி நடச் சொல்கிறார் அந்த மகானுபாவர். இதன் ஆணிவேருக்கு இடம் மாற்றுவது ஆகாது. வளரப்போகும் தொட்டியிலேயே விதையைத் தூவி, மேலே 3 மி.மீ. மணல் போட்டு, ஸ்பிரேயரால் நனையுங்கள். 10 முதல் 15 நாளில் முளைக்கும். பிறகு 15 முதல் 20 செ.மீ.க்கு ஒரு செடியை விட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடிப்போகும். அதன்பின் விரலை விட்டுப் பார்த்து, மேல் ஒரு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். காலையில், மண்ணில், இலை நனையாமல். திரும்பவும் சொல்கிறேன், காய்ந்திருந்தால் மட்டும்.

"ஊட்டிக்காரர்களுக்கு இதெல்லாம் சரி, சென்னைக்கு ஆகாது" என்று சிலர் வருவீர்கள். ஆகும். பெருமழை ஓய்ந்து, நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ விதைத்தால் ஆகும். எலிகன்ஸ் என்ற ஒருபருவ வகை 8 முதல் 10 வாரத்தில் பூத்து, சில வாரத்தில் முடிந்துவிடும். பூ தொடர்ந்து வேண்டுமென்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிதாக விதைக்க வேண்டும். மே மாத வெயிலில் அதுவும் நடக்காது. 'வருஷம் முழுக்க' எங்கிருந்து வந்ததோ!

"பொக்கேயில் வருவது போல் அடர்த்தியாக வரவில்லையே" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பொக்கேயில் வருவது பானிகுலேட்டா என்ற பல்லாண்டு வகை. அது பூக்க நீண்ட பகல் வேண்டும். பசுமைக்குடில்களில் ராத்திரியில் விளக்குப் போட்டுப் பகலை நீட்டுவது அதற்காகத்தான். நம் மாடியில் டிசம்பர் பகலில் அது வெறும் இலைக்கொத்தாக உட்கார்ந்திருக்கும். பூக்கடைக்கு வரும் அடுக்குப்பூ ரகங்களைப் பெரும்பாலும் ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் பெருக்குகிறார்கள், விதையில் அல்ல. பாக்கெட்டில் எந்த வகை என்று அச்சிட ஒரு வரி போதும், அதைக்கூடப் போடுவதில்லை. போட்டால் யார் வாங்குவார்கள்?

"உங்களுக்குப் பொறாமை, நீங்கள் ஒரு வீடியோ போட வேண்டியதுதானே" என்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. வீடியோ போடத் தெரியாதவர்களுக்குச் செடியும் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டீர்கள், இருக்கட்டும்.

ஆனால் அதே ஆள் இப்போது நீல நிற ஜிப்சோபிலா விதை விற்கிறார். கேட்கவே வயிறு எரிகிறது. இந்தச் செடியில் பூ வெள்ளை, இல்லையென்றால் இளஞ்சிவப்பு. பூக்கடையில் பார்க்கும் நீலம், ஊதா எல்லாம் சாயம். சாயத்தை விதையில் எப்படி அடைப்பார் என்று ஒருவர்கூட அங்கே கேட்கவில்லை. ஐந்நூறு பேர் 'விலை என்ன?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எலிகன்ஸ் என்று தெளிவாகப் போட்ட பாக்கெட் கையில் இருந்தால், ஈரம் படாத டப்பாவில் நவம்பர் வரை மூடி வையுங்கள். நீலம் வாங்கியவர்கள் விதைத்துப் பார்க்கக் காத்திருக்காமல் இன்றைக்கே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.